கேஜில் 7 கிலோ நின்றால் போதுமா? ஆலை ஹைட்ரண்டுகளைப் பார்ப்பதும் சோதிப்பதும்

கேள்வியின் சுருக்கம் இது. பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு பஞ்சாலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆலையைச் சுற்றி ஓடும் குழாய் வளையத்தில் 14 ஹைட்ரண்டுகள், அதாவது தீயணைப்பு ஹோஸை மாட்டி நீர் எடுக்கும் வால்வுள்ள குழாய்வாய்கள், இருக்கின்றன. ஜாக்கி, மின்சாரம், டீசல் என மூன்று பம்புகள். ஜாக்கி என்பது சிறு கசிவால் குறையும் அழுத்தத்தை ஈடுகட்டும் சின்னப் பம்ப். மின்சாரப் பம்பின் அளவு நிமிடத்துக்கு 2280 லிட்டர், 70 மீட்டர் ஹெட் (நீரை அந்த உயரத்துக்கு ஏற்றும் அழுத்தம்). பம்ப் அறையின் அழுத்தமானியான கேஜில் எப்போதும் 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ) நிற்கிறது. தீயணைப்புத் துறையின் சான்றைப் புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்குவதால், எதைப் பார்ப்பது, எதைச் சோதிப்பது, எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை என்று அறிய விரும்புகிறார். கோடையில் ஊருக்கே லாரியில் தண்ணீர் வரும்போது, சோதனை என்ற பெயரில் தண்ணீரைக் கொட்டினால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா என்ற கவலையும் அவருக்கு இருக்கிறது.

முதலில் அந்த 7 கிலோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. எல்லா வால்வுகளும் மூடியிருக்கும்போது கேஜ் காட்டுவது நிற்கும் நீரின் அழுத்தம். நகராத நீருக்குக் குழாயில் உராய்வு கிடையாது. உராய்வு இல்லாத இடத்தில் அழுத்த இழப்பும் கிடையாது. ஆகவே வளையத்தின் நடுவில் ஒரு வால்வு முக்கால் பங்கு மூடிக் கிடந்தாலும், குழாயின் உட்புறம் துருவும் உப்புப் படிவமும் ஏறிக் குறுகிப் போயிருந்தாலும், கடைசி ஹைட்ரண்டிலும் அதே 7 கிலோதான் நிற்கும். தெருக்கோடி வீட்டுக் குழாயில் விடியுமுன் தண்ணீர் பீறிட்டு வந்து, எல்லா வீட்டிலும் திறந்த பிறகு நூலாகச் சொட்டுவதை நாம் அறிவோம். இங்கும் அதே கதைதான். தீயை அணைப்பது ஓடும் நீர், எனவே ஓடும்போது எவ்வளவு அழுத்தம் மிஞ்சுகிறது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்ற இரண்டையும் பம்ப் அறையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஹைட்ரண்டில் அளந்து பார்க்காதவரை, அந்த வளையம் வேலை செய்யும் என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதற்கு நம் நாட்டு விதிகளில் தெளிவான அளவு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மிகத் தொலைவில் உள்ள ஹைட்ரண்டில் குறைந்தது 3.5 கிலோ அழுத்தம் இருக்க வேண்டும் என்கிறது. வெளிப்புற ஹைட்ரண்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13039, கட்டடத்துக்கு உள்ளே இருப்பவற்றுக்கு ஐ.எஸ். 3844 ஆகிய நெறிமுறைகளை ஒரு முறையாவது முழுவதும் படித்துவிடுங்கள். சான்றுக்கு வரும் அதிகாரியும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறியாளரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அவற்றிலிருந்தே பிறக்கின்றன.

இனிப் பார்வையிடுதல். மாதம் ஒரு முறை, காகிதமும் பேனாவுமாக, 14 ஹைட்ரண்டுகளையும் ஒவ்வொன்றாக நடந்து பார்க்க வேண்டும். முதலில் அதை நெருங்க முடிகிறதா என்று பாருங்கள்: பஞ்சு பேல்கள், பழைய இயந்திர உதிரிகள், நிறுத்திவைத்த லாரி ஆகிய மூன்றும் ஹைட்ரண்டின் முன்னால்தான் வந்து நிற்கும். வெளிவாயின் மூடி சங்கிலியோடு இருக்கிறதா என்பது அடுத்தது. மூடி போன வாயில் குளவி கூடு கட்டும், யாராவது கல்லையும் காகிதத்தையும் திணிப்பார்கள், அவசர நேரத்தில் அவை நேராக நாசிலில், அதாவது நீர் பீய்ச்சும் முனையில், போய் அடைக்கும். ஹோஸை மாட்டும் இணைப்பான கப்ளிங்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை விரலால் தடவிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அன்றே மாற்றுங்கள், பத்து ரூபாய்ப் பொருளுக்காக ஆயிரம் லிட்டர் தரையில் போகக் கூடாது. ஹோஸைப் பிடித்து நிறுத்தும் இரண்டு கொக்கிகளும் ஸ்பிரிங் விசையோடு வெளிவந்து திரும்புகின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். மூடியைக் கழற்றியபின் வாயிலிருந்து சொட்டு விழுந்தால் வால்வின் இருக்கை தேய்ந்திருக்கிறது. ஸ்பிண்டில் (வால்வைத் திருகும் தண்டு) பக்கம் கசிந்தால், அதைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் பாக்கிங் போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பழுதுகள் என்பதால் குறிப்பேட்டிலும் 'லீக்' என்று பொதுவாக எழுதாமல் எது என்று எழுதுங்கள்.

கன்மெட்டல் (செம்புக் கலவை உலோகம்) திருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடி, ஹேண்ட்வீல், பித்தளை நாசில் ஆகியவற்றுக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைப்பதால், மதிலோரத்து ஹைட்ரண்டுகளில் இவை காணாமல் போவது எல்லா ஆலைகளிலும் நடப்பதே. காவல் பணியில் இருப்பவரின் இரவுச் சுற்றில் ஹோஸ் பெட்டிகளையும் சேர்த்துவிடுவது நல்லது. பெட்டியைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைப்பது மட்டும் வேண்டாம். கண்ணாடி உடைத்துச் சாவி எடுக்கும் சிறு பெட்டி போதும்.

வெளிப்புறப் பெட்டி ஒவ்வொன்றிலும் 15 மீட்டர் ஹோஸ் இரண்டும், 63 மில்லிமீட்டர் கப்ளிங்குள்ள பிராஞ்ச் பைப் (நாசில் பொருத்திக் கையில் பிடிக்கும் குழாய்) ஒன்றும் இருக்க வேண்டும். ஹோஸை வெளியே எடுத்து முழுவதும் விரிக்காமல் 'உள்ளது' என்று குறிப்பது பார்வையிடல் ஆகாது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் ஹோஸ் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மேற்கு வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் ரப்பர் உறை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எல்லா ஹோஸ்களையும் வளையத்தின் அழுத்தத்திலேயே நிரப்பிச் சில நிமிடங்கள் நிறுத்தி, கப்ளிங் கட்டிய இடத்தில் கசிவோ நழுவலோ இருக்கிறதா என்று பார்த்து, நிழலில் தொங்கவிட்டு உலர்த்தி, மடிப்பை மாற்றிச் சுருட்டி வையுங்கள். பஞ்சாலையில் பறக்கும் தூசிப் பஞ்சு பெட்டிக்குள் புகுந்து ஈரத்தோடு சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே ஈர ஹோஸை ஒருபோதும் உள்ளே வைக்காதீர்கள்.

பம்ப் அறையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, எந்தப் பம்ப் எந்த அழுத்தத்தில் தானாக ஓடத் தொடங்குகிறது என்பதுதான். உங்களுடையது போன்ற வளையத்தில் வழக்கமாக 6 கிலோவுக்குக் குறைந்தால் ஜாக்கி ஓடி 7இல் நிற்கும், 5 கிலோவில் மின்சாரப் பம்பும், 4 கிலோவில் டீசலும் எழும் என்று வைத்திருப்பார்கள். உங்கள் அமைப்பின் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் இந்த வரிசை மாறக் கூடாது. பெரிய பம்புகள் இரண்டும் எழுந்தபின் தானாக நிற்கவும் கூடாது. ஆள் வந்து நிறுத்த வேண்டும். பேனலில் தேர்வுச் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று நாள்தோறும் ஷிப்ட் மாறும்போது பார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பழுது பார்க்க 'மேனுவல்' போட்டவர் அதைத் திருப்பி வைக்க மறந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

மின்சாரப் பம்புக்கான இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் தொடர்ந்து போய்ப் பாருங்கள். தீப் பிடித்தவுடன் யாரும் முதலில் செய்வது ஆலையின் மெயினை அணைப்பதுதான். பம்பின் ஊட்டுக் கம்பி அந்த மெயினுக்குப் பின்னால் பிரிந்திருந்தால், அதை அணைத்த அந்த நொடியே பம்பும் அணைந்துவிடும். அது மெயினுக்கு முன்பே தனியாகப் பிரிந்து வர வேண்டும். டீசல் பம்பில் பாட்டரியே பெரும்பாலும் ஏமாற்றும் பொருள். வாரம் ஒரு முறை எஞ்சினை ஓட்டும்போது ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவோர் அதிகம். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எப்.பி.ஏ.வின் 25ஆம் நெறிமுறை டீசல் பம்பை வாரந்தோறும் 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து, குளிர்விக்கும் நீர் சரியாக ஓடுகிறதா என்று தெரிய அவ்வளவு நேரம் தேவை. நான் அந்த அளவையே பரிந்துரைப்பேன்.

இனி, ஓட்டச் சோதனை. இதற்கு வேண்டிய கருவிகள் குறைவு. ஹைட்ரண்டின் வாயில் பொருத்தக்கூடிய 63 மில்லிமீட்டர் கப்ளிங்கோடு ஒரு கேஜ் வேண்டும். கோயம்புத்தூர் லேத் பட்டறை எதிலும் செய்து தருவார்கள். பிட்டாட் கேஜ் ஒன்று வேண்டும். நாசிலிலிருந்து பாயும் நீரின் நடுவில் அதன் மூக்கை நீட்டினால், பாயும் வேகத்தை அழுத்தமாகக் காட்டும். மூன்றாவதாக, வாய்விட்டம் 20 மில்லிமீட்டர் என்று உறுதியாகத் தெரிந்த, உட்புறம் வழவழப்பான நேர் நாசில்கள் வேண்டும். தூவல் நாசிலில் பிட்டாட் வேலை செய்யாது. கேஜ்கள் ஆண்டுக்குள் அளவுத் திருத்தம் செய்யப்பட்டவையாக இருக்கட்டும். ஓட்டை கேஜால் எடுத்த அளவைவிட அளக்காமல் இருப்பது மேல், அறியாமையாவது மிஞ்சும்.

சோதனை நாளன்று அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் ஆலை வாயிலுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பம்ப் அறையில் ஒருவரைத் தொலைபேசியோடு நிறுத்துங்கள். முதல் வேலை, நீர் ஓடாத நிலையில் 14 இடத்திலும் அழுத்தத்தைக் குறிப்பது. இரண்டாவது, வளையத்தைக் கழுவுவது: கடைசி ஹைட்ரண்டை நாசில் இல்லாமல், ஹோஸின் வாயை அசையாமல் கட்டி, மெல்லத் திறந்து, செந்நிறத் துருநீர் போய்த் தெளியும்வரை ஓடவிடுங்கள். என்ன வெளியே வருகிறது என்று ஒரு வலையில் பிடித்துப் பார்த்தால் குழாயின் உள்நிலை தெரியும். செதில் செதிலாகத் துரு வந்தால் அது ஒரு செய்தி, வெள்ளைப் படிவம் வந்தால் ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரின் வேலை.

பிறகு ஒரு நாசிலைப் பொருத்தி, வால்வை முழுவதும் திறந்து, மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் அளவெடுங்கள்: பம்ப் அறைக் கேஜ், கடைசி ஹைட்ரண்டின் கேஜ், நாசில் முனையில் பிட்டாட். பிட்டாட்டின் மூக்கு நாசில் வாயிலிருந்து அதன் விட்டத்தில் பாதித் தூரத்தில், அதாவது 10 மில்லிமீட்டர் தள்ளி, நீரின் நடு அச்சில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைக் கணக்கிட, வாய்விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கமாக்கி, பிட்டாட் காட்டும் கிலோவின் வர்க்கமூலத்தால் பெருக்கி, 0.66ஆல் பெருக்கி, நல்ல நேர் நாசிலுக்கு மேலும் 0.97ஆல் பெருக்குங்கள். 20 மில்லிமீட்டர் நாசிலில் 3.5 கிலோ இருந்தால் விடை சுமார் 480 லிட்டர். 4500 லிட்டர் கொண்டுவரும் தீயணைப்பு வண்டி ஒன்று, இப்படி ஒரே ஒரு நாசிலுக்கு ஒன்பதரை நிமிடம்கூடத் தாங்காது என்பதை இந்தக் கணக்கிலிருந்தே அறியலாம். ஆலைக்குச் சொந்த வளையம் ஏன் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால் இதைக் காட்டுங்கள்.

அதன்பின் இரண்டாவது நாசிலையும் மூன்றாவதையும் அடுத்தடுத்த ஹைட்ரண்டுகளில் திறந்து, ஒவ்வொரு படியிலும் மறுபடி அளவெடுங்கள். இங்கேதான் வளையம் தன் உண்மையைச் சொல்லும். குழாயில் ஓட்டம் இரு மடங்கானால் உராய்வு இழப்பு இரு மடங்கு ஆகாது, ஏறக்குறைய 3.6 மடங்கு ஆகும். மும்மடங்கு ஓட்டத்தில் இழப்பு 7.6 மடங்கு. ஒரு நாசில் ஓடும்போது பம்புக்கும் கடைசி ஹைட்ரண்டுக்கும் இடையே 0.2 கிலோ வித்தியாசம் என்றால், மூன்று நாசில்களையும் அந்தக் கோடியிலேயே திறக்கும்போது 1.5 கிலோ வரும். இது இயல்பு. சென்ற ஆண்டு 1.5 கிலோ இழந்த வளையம் இந்த ஆண்டு அதே ஓட்டத்தில் 3 கிலோ இழந்தால், வழியில் எங்கோ ஒரு வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை, அல்லது குழாய் குறுகிவிட்டது. ஒரே ஆண்டில் குழாய் அவ்வளவு குறுகாது என்பதால், முதலில் வால்வுகளைத் தேடுங்கள். வளையத்தின் ஒரு பக்கத்தை வால்வால் பிரித்து மறுபக்கம் வழியாக மட்டும் நீரை வரவிட்டு அளந்தால், கோளாறு எந்தக் கையில் என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

பம்பின் வலுவையும் அதே நாளில் பார்த்துவிடலாம். தீயணைப்புப் பம்ப் என்பது தன் குறித்த அளவில் 150 விழுக்காடு நீரைத் தள்ளும்போதும், குறித்த ஹெட்டில் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும். உங்கள் பம்புக்கு அது நிமிடத்துக்கு 3420 லிட்டரில் ஏறத்தாழ 4.5 கிலோ. இதை ஹைட்ரண்டுகளைத் திறந்து பார்ப்பதைவிட, பம்ப் அறையிலிருந்து நிலத்தடித் தொட்டியான சம்புக்கே திரும்பும் சோதனைக் குழாயில் ஓட்ட அளவி வைத்துப் பார்ப்பது எளிது. அந்தக் குழாய் இல்லாத ஆலைகள் பல. உங்களிடம் இல்லையென்றால் அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் போட்டுவிடுங்கள்.

சோதனையின் முடிவில், நாசில்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரப் பம்பின் சுவிட்சை அணைத்து, டீசல் தானாக எழுகிறதா, எத்தனை நொடியில் எழுகிறது, அதற்குள் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நின்ற நிலையில் டீசலை ஓட்டிப் பார்ப்பதும், இப்படிப் பாதி வேலையில் அதை எழச் செய்வதும் ஒன்றல்ல. அதற்கு முன், நாசிலைப் பிடித்திருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பில் இரண்டு செய்திகளை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 20 மில்லிமீட்டர் நாசில் 3.5 கிலோவில் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 22 கிலோ எடைக்குச் சமம். 7 கிலோவில் அது 44 ஆகும். ஒருவர் தனியாகப் பிடிக்கக் கூடாது, கைதவறிய பிராஞ்ச் பைப் எலும்பை உடைக்கும். இரண்டாவது, மூடுவதில் நிதானம். இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென்று நிறுத்தினால், அந்த நொடியில் சுமார் 12 கிலோ அழுத்தம் கூடுதலாக எழும். 7 கிலோவில் இருந்த குழாய் 19ஐப் பார்க்கும். பழைய ஜாயிண்டுகள் சோதனையின்போது உடையாமல், சோதனை முடிந்து மூடும்போது உடைவதற்குக் காரணம் இதுவே. சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். கடைசிச் சில சுற்றுகளை இன்னும் மெல்ல.

இனித் தண்ணீரைப் பற்றிய உங்கள் கவலை. அது நியாயமானது. மேற்கே மழை கொட்டும் கேரளத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் மட்டும் கோயம்புத்தூர்ப் பக்கத்து வறட்சியே நிலவுவதும், கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பதும் நமக்குத் தெரிந்ததே. மூன்று நாசில்களை ஐந்து நிமிடம் ஓட்டினால் 7200 லிட்டர் போகும். மதிலுக்கு வெளியே அதைச் சாக்கடையில் விட்டால் ஊரார் கேட்பது சரிதான். ஆகவே கழுவும் நீரைத் தென்னந்தோப்புக்கோ ஆலையின் செடிகளுக்கோ திருப்புங்கள். சோதனை நீரை ஹோஸ்களின் வாயைச் சம்பு பக்கம் கொண்டுபோய் மீண்டும் சம்பிலேயே விடலாம், முனையைக் கட்டிப் பத்திரப்படுத்தினால். முழுச் சோதனையைத் தென்மேற்குப் பருவம் முடியும் காலத்திலோ ஐப்பசி மழையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாசி, பங்குனியில் சிறிய சோதனை ஒன்றை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று வீசி எல்லாவற்றையும் காயவைத்த பின் வரும் அந்தக் காலத்தில்தான் தீ அபாயமும் மிகுதி, சம்பின் மட்டமும் தாழ்வு. மட்டம் தாழ்ந்தபோது பம்ப் காற்றை உறிஞ்சாமல் நீரை எடுக்கிறதா என்பது மழைக்காலத்தில் தெரியாது.

பிட்டாட் வாங்க நிர்வாகம் தயங்கினால், சம்பே உங்களுக்கு அளவுகோல். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள சம்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது 800 லிட்டர். மூன்று நாசில்கள் பத்து நிமிடம் ஓடினால் சுமார் 18 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். இந்த முறையில் போர் மோட்டார் ஓடக் கூடாது, நீரைச் சம்புக்குத் திருப்பவும் கூடாது என்பதால், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய ஒரு நாளில் இதை வைத்துக்கொள்ளலாம். பிட்டாட் இருந்தாலும் ஒரு முறை இப்படிச் சரிபார்ப்பது நல்லது.

சம்பின் கொள்ளளவையும் கூடவே கணக்கிடுங்கள். சாதாரண அபாய வகைக்குப் பம்ப் இரண்டு மணி நேரம் ஓடுவதற்கான நீர் என்பது வழக்கம். நிமிடத்துக்கு 2280 லிட்டர் என்றால் ஏறக்குறைய 2,74,000 லிட்டர். அந்த நீரை ஆலையின் மற்ற தேவைக்கு எடுக்க முடியாதபடி, மற்றக் குழாய்களின் உறிஞ்சுவாய் மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். பஞ்சுக் கிடங்கு உயர்ந்த அபாய வகையில் வைக்கப்படலாம் என்பதால், உங்கள் வகை என்ன என்று சான்றிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தூர்ப் பக்கத்துக்கே உரிய இன்னொரு சிக்கல், மண். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்த வட்டாரத்தில்தான். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் அந்த மண், புதைத்த குழாயை ஆண்டுதோறும் தூக்கியும் இறக்கியும் ஆட்டுவதால், பற்றுவைப்பும் ஜாயிண்டும் இளகும், குழாயின் சுற்றுப்பூச்சு கீறி அங்கே துரு பிடிக்கும். மண்ணுக்கடியில் கசிவதைக் கண்ணால் காண முடியாது. அதற்கு ஜாக்கி பம்பே சாட்சி. இரவில் எல்லா ஹைட்ரண்டுகளும் மூடியிருக்கும்போது ஜாக்கி எத்தனை முறை எழுகிறது என்று ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். நல்ல வளையத்தில் அது எப்போதாவது எழும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை எழுந்தால் எங்கோ நீர் போகிறது. பிறகு ஜாக்கியை நிறுத்தி, பகுதி வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்தப் பகுதியில் அழுத்தம் இறங்குகிறது என்று பார்த்தால் தோண்ட வேண்டிய இடம் குறுகிவிடும். நீரைத் திரும்ப விடாத, பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வு பின்னோக்கிக் கசிந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும், ஆகவே மண்வெட்டி எடுக்கும் முன் அதைச் சோதித்துவிடுங்கள். இந்த ஒரு வரியை மறந்து முற்றத்தைத் தோண்டிப் போட்ட ஆலைகள் உண்டு.

பகுதி வால்வுகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். மூடுவதற்கும் திறப்பதற்கும் எத்தனை சுற்று என்று எண்ணி, வால்வுக் குழியின் சுவரிலேயே வண்ணத்தில் எழுதிவைத்தால், அடுத்த முறை இரண்டு சுற்று குறையும்போது உடனே தெரியும். திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டுங்கள். ஆடி மழையில் குழிகள் நிரம்பி வால்வு நீரிலேயே ஊறும், மழை ஓய்ந்ததும் இறைத்துக் கிரீஸ் வையுங்கள்.

கால இடைவெளியைப் பொறுத்தவரை மேலே ஆங்காங்கே சொல்லிவிட்டேன்: பம்ப் அறையை நாள்தோறும் பார்ப்பது, பம்பை வாரந்தோறும் ஓட்டுவது, ஹைட்ரண்டுகளை மாதந்தோறும் சுற்றி வருவது, வால்வை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இயக்குவது, ஓட்டச் சோதனையும் ஹோஸ் சோதனையும் ஆண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் 14 தொடங்கும் தீயணைப்பு வாரத்தில் மட்டும் ஒரு ஹைட்ரண்டைத் திறந்து, நீர் வானவில்லாகப் பாய்வதைப் படமெடுத்துவிட்டு அதையே ஆண்டுச் சோதனை என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. பெரும்பாலும் பம்ப் அறைக்கு மிக அருகிலுள்ள ஹைட்ரண்டைத்தான் அதற்குத் தேர்ந்தெடுப்பார்கள், படத்தில் நீர் உயரமாகத் தெரிய வேண்டும் என்பதால். அது விழா, சோதனை அல்ல.

குறிப்பேட்டில் ஒவ்வொரு ஹைட்ரண்டுக்கும் எண் வேண்டும், அந்த எண் ஹைட்ரண்டின் மேலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் நகர ஹைட்ரண்டுகளின் தலையை ஓட்டத்துக்கு ஏற்ப வெளிர்நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பூசும் என்.எப்.பி.ஏ. 291 முறை இருக்கிறது. வண்டியில் வருபவர் தூரத்திலிருந்தே எது வலுவானது என்று அறிவார். நமக்கு எல்லாமே சிவப்பு என்பதால், கடைசியாக அளந்த லிட்டரையும் அளந்த மாதத்தையும் ஹைட்ரண்டின் தூணில் வெள்ளையில் எழுதுங்கள். திறக்கும் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். உங்கள் ஆலையில் தமிழ், மலையாளம், இந்தி பேசுவோர் மூவரும் இருப்பதால் அம்பு எழுத்தைவிட விரைவாகப் புரியும்.

எல்லையில் இருப்பதால் வரும் கடைசிச் செய்தி ஒன்று. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்து வண்டிகள் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றின் ஹோஸ் கப்ளிங்குகள் பால்டிமோர் ஹைட்ரண்டுகளில் பொருந்தவில்லை. 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. நம் நாட்டில் 63 மில்லிமீட்டர் கப்ளிங் இரு மாநிலத்துக்கும் பொது என்பதால், பாலக்காட்டு வண்டியின் ஹோஸும் பொள்ளாச்சி வண்டியின் ஹோஸும் உங்கள் ஹைட்ரண்டில் பொருந்த வேண்டும். 'வேண்டும்' என்பதோடு விட்டுவிடாமல், பழைய ஆலை என்றால் சான்றுப் பார்வைக்கு வரும் வீரர்களைக் கேட்டு அவர்கள் ஹோஸையே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். வண்டியிலிருந்து வளையத்துக்கு நீர் ஏற்றும் வாசலோர இணைப்பையும் அன்றே நீர் செலுத்திச் சோதியுங்கள், அதன் நான்-ரிட்டர்ன் வால்வைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பது இப்படித்தான் வெளிப்படும். உங்கள் பக்கத்தில் செல்பேசி சில நேரம் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பதால், 101ஐ அழுத்தினால் அழைப்பு அடுத்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறையில் போய் நிற்கக்கூடும். எனவே இரு பக்கத்து அருகமை நிலையங்களின் நேரடி எண்களையும் பம்ப் அறைச் சுவரிலும் காவலர் மேசையிலும் எழுதி வைத்து, மாதச் சுற்றின்போது அவை இன்னும் சரியான எண்கள்தானா என்று ஒரு முறை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.